கூட்டுச்சாலைச் சாவுகள் ஊழன்று!

தேர்க்காலில் அகப்பட்டு ஓர் ஆன்கன்று இறந்தது. தேரைச் செலுத்தியவன் அரசன் மகன். கன்றை இழந்த தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததென்றும், அதன் துயருணர்ந்த சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு முறை செய்தானென்றும் தமிழர் வழிவழியாகக் கூறி வருகின்றனர். பாண்டியன் அவையில் நின்று தன் ஊரின் பெருமையைச் சொல்லப் புகுந்த கண்ணகியும் இந்நிகழ்ச்சியை எடுத்து மொழிந்தாள். இதனைக் கதையென்றே கொண்டாலும், இதனுள் அடங்கிய கருத்து ஒதுக்கத்தக்கதன்று. தெருவில் ஓருயிர் போனால் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன் ஆள்பவன் என்பதே அக்கருத்து. கழுவாய் செய்துகொள்ளலாமென அமைச்சர் கூறியும் அரசன் இசையவில்லை. 'கன்றன்றோ துள்ளிக் குறுக்கே வந்தது' என்று பழியைக் கன்றின் தலையில் ஏற்றவில்லை. 'அதன் ஊழ் அவ்வளவே' என்று கைகழுவவுமில்லை.

இன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் மாள்வோர் கன்றுகளல்லர், மக்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை நேர்ச்சிகள் நிகழ்ந்தன. அவற்றில் 17,884 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர்! அவ்வாண்டு நேர்ச்சிகளின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்கள் அனைத்தினும் தமிழ்நாடே முதலில் நின்றது. இந்தியா முழுவதும் அவ்வாண்டு சாலையில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் நடந்து சென்றோர் 32,825 பேர்; இருசக்கர ஊர்திகளில் சென்றோர் 74,897 பேர். அஃதாவது, இறந்தோருள் பத்துக்கு அறுவர்க்கு மேற்பட்டோர் தம்மைச் சுற்றி இரும்புக்கூடு ஏதுமின்றிச் சாலைக்கு வந்த எளியோர். ஒரு போரில் இத்தனை பேர் மாண்டால் நாடே கொதித்தெழும். சாலையில் மாண்டால் செய்தித்தாளின் மூலையில் நான்கு வரிகள், அவ்வளவே.

'விபத்து' என்று வடசொல்லாலும், 'நேர்ச்சி' என்று தமிழாலும் இதனைக் குறிக்கின்றனர். எச்சொல்லாற் குறித்தாலும், ஏதோ தானாக நேர்ந்துவிட்டதென்னும் எண்ணமே கேட்போர் உள்ளத்தில் எழுகின்றது. தானாக நேர்வது இடியும் மழையும். ஒரே கூட்டுச்சாலையில், ஒரே வளைவில், ஆண்டுதோறும் எலும்பு முறிவதும் உயிர் போவதும் தானாக நேர்வனவாகா. அவ்விடத்தின் அமைப்பு அவற்றை விளைவிக்கின்றது. அவ்வமைப்பை வகுத்தவர் உண்டு. ஒப்புதல் தந்தவர் உண்டு. குறையைக் கண்டும் காணாதிருந்தவர் உண்டு. எனவே விடை கூற வேண்டியவரும் உண்டு.

இவ்வுண்மையைச் சட்டமும் இப்பொழுது ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற ஊர்திச் சட்டத்தின் 198-அ பிரிவு, வகுத்துரைத்த நெறிகளின்படி சாலையை வடிவமைக்காமலோ, கட்டாமலோ, பேணாமலோ விட்டதனால் இறப்போ உடற்குறையோ நேர்ந்தால், அதற்குரிய அமைப்பும் ஒப்பந்தக்காரரும் அறிவுரைஞரும் தண்டத்திற்குரியவர் என்கின்றது. தண்டம் எவ்வளவு? மிகுந்தால் ஓர் இலக்கம் உரூபா! சோழன் தன் மகனையே கொடுத்த பழிக்கு இன்றைய சட்டம் இட்டுள்ள விலை இது. ஆயினும், சாலையை வகுத்தவனும் பொறுப்பாளியே என்னும் கொள்கை ஏட்டில் ஏறிவிட்டது. அதனை நாட்டிலும் ஏற்றுவதே இனிச் செய்ய வேண்டுவது.

இதனைச் சென்னையின் மேற்குப் புறநகரிலே வைத்துக் காண்பது தகும். அங்கே இரு பெருஞ்சாலைகள் மேற்கு நோக்கிச் செல்கின்றன. ஒன்று பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர்க்கும் திருத்தணிக்கும் செல்வது. மற்றொன்று பூவிருந்தவல்லி வழியாகக் காஞ்சிக்கும் வேலூர்க்கும் செல்வது. ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் நடுவே கட்டைவண்டிகளும் நடைச்செலவினரும் சென்ற வழிகள் இவை. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் ஆவடியில் கனவூர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகளும், அவற்றைத் தொடர்ந்து பள்ளிகளும் கடைகளும் பெருகின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. ஊரின் பெயரும் தகுதியும் இவ்வாறு உயர்ந்துகொண்டே வந்தன. ஊரார் ஒன்றுகூடும் கூட்டுச்சாலைகளின் அமைப்போ அவ்வளவிற்கு உயரவில்லை.

இங்குள்ள பெயர்களையும் சற்று நோக்குதல் வேண்டும். திருவள்ளூர் நெடுஞ்சாலை என்னும் நற்பெயர் 'எம்.டி.எச்.' என்றும் 'சி.டி.எச்.' என்றும் மும்மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிப் போயிற்று. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயமே இன்றைய பாடி. ஆனால் அங்கே இறங்குவோர் 'இலூக்காசு' என்றும் 'பிரித்தானியா' என்றும் கேட்டே பயணச்சீட்டு வாங்குகின்றனர். அம்பத்தூரில் 'தன்லப்பு' உருள்பட்டைத் தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. அதன் பெயர் கொண்ட நிறுத்தம் ஓயவில்லை. தமிழூர்கள் தம் பெயரை இழந்து ஆலைப் பெயர்களால் அழைக்கப்படுவது வருந்தத்தக்கதே. எனினும், அதனுள் உணரத்தக்கதொன்றும் உண்டு. அப்பெயர்களை இட்டவர் அரசினரல்லர். வேலைக்கு வந்த மக்கள். பேருந்தினின்று இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து, சங்கொலிக்கு முன் ஆலை வாயிலை அடைந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் காலடிகளே அந்நிறுத்தங்களுக்குப் பெயர் தந்தன. இக்கூட்டுச்சாலைகளை உண்டாக்கியவை உருளைகள் மட்டுமல்ல, கால்களும் ஆகும்.

தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தார் இத்தகைய இடத்தைக் 'கூட்டு ரோடு' என்பர். ஒட்டியுள்ள ஆங்கிலச் சொல்லைக் களைந்தால் எஞ்சுவது கூட்டுச்சாலை என்னும் தூய தமிழ். சாலைகள் கூடுமிடம், அதனால் மக்களும் கூடுமிடம். விரைந்து கடந்து போகுமிடம் என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. ஆனால் திட்டம் வகுப்போர் கூட்டுச்சாலையைச் செப்பனிடப் புகும்போதெல்லாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஊர்திகள் கடக்கும் என்று மட்டுமே எண்ணுகின்றனர். எத்தனை மக்கள் கடக்கின்றனர், எத்தனை பேர் கடக்க அஞ்சி நிற்கின்றனர் என்று எண்ணுவதில்லை. பிழையின் வேர் இங்கேயே இருக்கின்றது.

திருவள்ளூர்ச் சாலையும், உள்வட்டச் சாலையாகிய சவகர்லால் நேரு சாலையும் பாடியில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அவ்விடத்தில், கத்திப்பாராவிற் போலவே, இதழ் வடிவான மேம்பாலத்தை நடுவண் அரசின் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டியது. 2008-இல் திறக்கப்பெற்ற கத்திப்பாரா மேம்பாலமும் பாடி, கோயம்பேட்டு மேம்பாலங்களும் ஒரே நோக்கத்தில் எழுந்தவை. இவற்றால் ஊர்திகளின் நெரிசல் தணிந்தது, நேரம் மிஞ்சிற்று, அதனை மறுப்பது முறையாகாது. ஆனால் இதழ் வடிவ மேம்பாலம் எங்குப் பிறந்ததென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்க நாட்டின் நியூசெர்சி மாநிலத்தில் 1929-இல் மகிழுந்துகளுக்காகவே வகுக்கப்பெற்ற வடிவம் அது. எவ்வூர்தியும் நில்லாமற் செல்ல வேண்டுமென்பதே அதன் ஒரே நோக்கம். நில்லாமற் செல்வது ஊர்திக்கு நன்மை. குறுக்கே கடப்பவனுக்கோ அதுவே தீமை. சைகை விளக்குள்ள கூட்டுச்சாலையிற் சிவப்பு எரியும் சில நொடிகளேனும் நடப்பவனுக்குக் கிடைக்கும். இதழ்ச்சாலைகளில் அச்சில நொடிகளும் அவனுக்கு இல்லை. வளைந்து வளைந்து ஓயாது வரும் ஊர்திகளுக்கிடையே அவன் தன் கண்ணையும் காலையும் மட்டுமே நம்பிக் கடக்க வேண்டியவனாகின்றான்.

மேம்பாலமே வேண்டா என்பதன்று இதன் கருத்து. மேம்பாலம் எழுந்தவுடன் கூட்டுச்சாலை செப்பமுற்றுவிட்டதென்று கணக்கை மூடுவதே பிழை. மேலே செல்லும் ஊர்திக்கு வழி வகுத்த பின், கீழே நடக்கும் மாந்தனுக்கு வழி வகுக்கும் வேலை எஞ்சியிருக்கின்றது. கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழுள்ள நிலத்தை 2021-இல் 'நகர்ப்புறச் சதுக்கம்' என்னும் பெயரில் மக்கள் பயன்பாட்டிற்குத் திறந்தமை, மேம்பாலத்தின் கீழும் மக்களுக்கு இடமுண்டு என்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தேனும் உணர்ந்தமைக்கு அடையாளம். அவ்வுணர்வு, கட்டிய பின்னர் அன்றி வரைபடம் வரையும்போதே வர வேண்டும்.

இனி, கூட்டுச்சாலையில் இடர் எவ்வாறு விளைகின்றது என்பதைக் காண்போர்க்கு அதனைக் களையும் வழியும் தானே விளங்கும். நான்கு சாலைகள் வெறுமனே வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில், ஊர்தியும் ஊர்தியும் மோதத்தக்க புள்ளிகள் 32 உண்டெனப் பொறியியலார் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் 16 புள்ளிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவன. அவையே உயிரைக் குடிப்பன. மூன்று சாலைகள் கூடுமிடத்தில் இப்புள்ளிகள் 9 ஆகக் குறைகின்றன. நடுவே ஒரு வட்டத்திட்டு அமைத்து, யாவரும் அதனைச் சுற்றியே செல்ல வேண்டுமென வகுத்தால், நாற்கூட்டுச் சாலையிலும் அவை 8 ஆகிவிடும். குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றேனும் இராது. ஆனால் வட்டத்தினுள் இருப்பவனுக்கே முன்னுரிமை, புகுபவன் காத்திருக்க வேண்டும் என்னும் நெறி இன்றியமையாதது. அந்நெறியை வட்டத்திட்டுகளுக்கு 1966-இல் விதித்த பின்னரே பிரித்தானிய நாட்டில் அவை அடைபடாமல் இயங்கத் தொடங்கின. ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் உட்பகுதிகளிலுள்ள நடுத்தர அளவுக் கூட்டுச்சாலைகளுக்கு இது சாலப் பொருந்தும். ஊர்திப் பெருக்கு மிக்க நெடுஞ்சாலைக் கூடல்களிலோ வட்டத்திட்டு அடைபட்டுப் போகும். அங்கே சைகை விளக்கே தக்கது.

அடுத்தது விரைவு. விரைவு இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த அறிவியல். மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் வரும் ஊர்தி மோதின், நடப்போர் பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பிழைப்பர். 50 கிலோமீட்டர் விரைவில் மோதின் பிழைப்பது அரிதாகிக்கொண்டே போகும். ஆகவே ஊர்தி திரும்பும் முனைகளை அகல வளைத்து விரைவைக் கூட்டுதல் செப்பனிடுதலாகாது. முனையை ஒடுக்கி விரைவைக் குறைத்தலே செப்பனிடுதலாகும். நடப்போர் கடக்குமிடத்தைச் சாலைமட்டத்தினும் சற்றே உயர்த்திவிட்டால், ஊர்தி தானே தணியும். காவலர் கையோங்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, நடப்பவனின் நேரம். ஆறு தடங்கள் கொண்ட சாலையின் அகலம் ஏறத்தாழ 21 மீட்டர். நலமுடைய ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகப் பொறியியலார் கொள்வர். அவர்க்கு அதனைக் கடக்க 17 அல்லது 18 நொடிகள் வேண்டும். இடுப்பிற் குழந்தையும் கையிற் பையுமாகச் செல்லும் பெண்ணோ, கோலூன்றிய முதியவரோ நொடிக்கு 0.8 மீட்டரே நடப்பராயின், அவர்க்கு 26 நொடிகள் வேண்டும். பச்சை விளக்கு 15 நொடியில் அணைந்துவிட்டால், அம்முதியவர் சாலையின் பாதியில் நிற்பார். அவரை அங்கே நிறுத்தியது அவர் ஊழன்று. விளக்கிற்கு நொடி வகுத்தவரின் கணக்கு. சாலை நடுவே நின்று மூச்சு வாங்கத்தக்க ஓர் உயர்ந்த திட்டு இருந்தால், ஒரு பாதிக்கு 13 நொடிகளே போதும். ஒரு திட்டு, சில நொடிகள், ஓருயிர். இதற்கு மேனாட்டு வல்லுநர் வந்து வழி சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, பேருந்து நிற்குமிடம். கூட்டுச்சாலையின் வாயிலிலேயே பேருந்தை நிறுத்துவதால் பின்வருவன அனைத்தும் அடைபடுகின்றன. இறங்குவோர் பேருந்தின் மறைவிலிருந்து திடுமென வெளிப்பட்டு மாள்கின்றனர். கூடலைக் கடந்தபின் சற்றுத் தொலைவில், தனிக்குடாவாக நிறுத்தத்தை அமைத்து, அங்கிருந்து கடக்குமிடம் வரை தடையற்ற நடைபாதை இட வேண்டும். ஐந்தாவது, விளக்கும் வடிகாலும். ஏரிகள் சூழ்ந்த அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளில் மழைநீர் கூட்டுச்சாலையில் தேங்கினால், பள்ளம் எது மேடு எது என்று இருசக்கர ஊர்தியில் வருபவன் அறிவானா? வடிகாலற்ற கூட்டுச்சாலை, வாய்திறந்த கிணற்றுக்கு ஒப்பானது.

பூவிருந்தவல்லிப் பக்கம் இவ்வேலைக்குரிய காலம் இதுவே. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லிப் புறவழி வரை, ஏறத்தாழ 26 கிலோமீட்டர்த் தொலைவிற்கு, மெட்ரோ தொடர்வண்டித் தடம் வகுக்கப்பெற்றுத் தூண்கள் எழுந்துள்ளன. காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத்தோட்டம் என அத்தடத்தின் நிலையப் பெயர்கள் தமிழ் மணக்கின்றன. தொடர்வண்டி உயரத்திற் செல்லும். அதில் ஏறுவோரும் இறங்குவோரும் சாலையிலேதான் நடக்க வேண்டும். தூண்களுக்காகத் தோண்டிய சாலையை மீண்டும் பழையபடியே மூடிவிட்டால், நிலையம் புதிதாகும். சாவு பழையபடியே தொடரும். தன் தலையையே பரிசிலாகத் தர முன்வந்த வள்ளலின் பெயர் குமணன். பெருந்தலைச்சாத்தனாரின் வறுமை தீரும்பொருட்டு அவன் தலையை நீட்டினான். அவன் பெயரை நினைவூட்டும் கூட்டுச்சாலையில் யாருடைய வறுமையும் தீராமல் தலைகள் உருள்வதற்கு இடந்தரலாகாது.

இங்கு மொழியும் வந்து சேர்கின்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கின்றான். பலகையைப் படித்துப் பொருளுணர மூன்று நொடி எடுத்துக்கொண்டால் 50 மீட்டர் போய்விட்டது. அறியா மொழியில் எழுதிய பலகையோ, பல மொழிகளைத் திணித்து எழுத்தைச் சிறிதாக்கிய பலகையோ, அவனுக்கு வழிகாட்டாது. அவன் கண்ணைச் சாலையினின்று பிடுங்கும். 2017-இல் வேலூர்ப் பகுதி நெடுஞ்சாலைக் கற்களில் இந்தியைப் புகுத்தியபோது எழுந்த எதிர்ப்பை வெறும் மொழிப்பூசலென இகழ்ந்தோர் உண்டு. வழிகாட்டும் கல், அவ்வழியே செல்லும் மக்களுக்குப் புரிய வேண்டாவா என்பதே அங்கெழுந்த வினா. 'டேக் டைவர்சன்' என்றும் 'கோ சுலோ' என்றும் வேலை நடக்குமிடங்களிற் பலகை நடுகின்றனர். 'மாற்றுவழி', 'மெல்லச் செல்க' என்று பெரிய எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? தமிழ் முதலில், பெரிதாக, குறுஞ்சொற்களாக இருக்க வேண்டும். வேற்றுமொழி ஓட்டுநர்க்கு, எம்மொழியார்க்கும் விளங்கும் குறியுருவங்கள் உள, அவை போதும். தமிழ்ப்பலகையை மொழிப்பற்றின் பொருட்டு மட்டும் கேட்பதன்று. உயிர்க்காப்பின் பொருட்டும் கேட்பதாகும்.

கூட்டுச்சாலையைச் செப்பனிடுவதென்றால் முதலில் ஓரத்துக் கடைக்காரரை விரட்டுவது என்று சிலர் கொண்டுள்ளனர். பூவிற்பவளும் காய் விற்பவனும் அங்கு வந்தது மக்கள் அங்குக் கூடுவதனால். புகார் நகரின் இரு பாக்கங்களுக்கு நடுவே மரநிழலில் நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. நாற்சந்தியில் தீயோரை ஒறுக்கும் சதுக்கப் பூதம் நின்றதையும் அதே காப்பியம் கூறுகின்றது. கூடுமிடத்தில் வணிகமும் வேண்டும், காவலும் வேண்டும் என்பதே பழந்தமிழர் நகரமைப்பு. நடைபாதையை மறிக்காதபடி, கூடலுக்குச் சற்று விலகிய இடத்தில், நிழலும் நீரும் உள்ள சிற்றங்காடி வகுத்துத் தந்தால் கடைக்காரரும் வாழ்வர், நடப்போரும் வாழ்வர். ஏழையை விரட்டிப் பெற்ற இடத்தில் மகிழுந்தை நிறுத்திவைப்பது செப்பனிடுதலன்று, பறித்தல்.

இவ்வளவும் எளியனவாயின் ஏன் நடைபெறவில்லை என்னும் வினா எழும். பணமில்லை என்பர். கோயம்பேட்டில் 2021 நவம்பரில் திறக்கப்பெற்ற மேம்பாலம் ஒன்றிற்கே 93 கோடி உரூபாவிற்கு மேற்பட்ட தொகை ஒதுக்க முடிந்த நாட்டில், திட்டும் விளக்கும் நடைபாதையும் அமைக்கப் பணமில்லை என்பது நம்பத்தக்கதன்று. உண்மைக் கரணியம் வேறு. நெடுஞ்சாலை ஒருவர்க்குரியது, அதனோடு கூடும் தெரு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ உரியது, விளக்கும் ஒழுங்கும் காவல்துறையிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், தூண் மெட்ரோ நிறுவனத்திடம், மின்கம்பம் மின்வாரியத்திடம். உயிர் மட்டும் எவரிடமும் இல்லை! இவரனைவரையும் ஒருங்கிணைப்பதற்கென்றே சென்னைப் பெருநகர்க்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-இலேயே சட்டம் இயற்றப்பெற்றது. ஒவ்வொரு பெருங்கூட்டுச்சாலைக்கும் பொறுப்பேற்கும் ஓர் அலுவலரின் பெயரை அக்குழுமம் பலகையில் எழுதி அங்கேயே நட வேண்டும். ஆராய்ச்சி மணியை யார் வாயிலிற் கட்டுவதென்று மக்கள் அறிய வேண்டாவா?

மற்றொன்றும் மாற வேண்டும். ஏறத்தாழ 500 மீட்டர் நீளச் சாலையில், மூன்றாண்டுகளுக்குள் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைத்த 5 நேர்ச்சிகள் நிகழ்ந்திருந்தால், அல்லது பத்துப்பேர் இறந்திருந்தால், அவ்விடத்தைக் 'கரும்புள்ளி' என நடுவண் அரசு குறிக்கின்றது. குறித்த பின்னரே செப்பனிடும் எண்ணம் வருகின்றது. பத்துப் பிணம் விழுந்த பின்னரே இடம் தீயதென்று தெளிவது என்ன அறிவு? சாலைகளில் ஓருயிர் போவதையும் ஒப்புவதில்லை என்னும் கொள்கையைச் சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றது. மக்கள் தவறு செய்வர். அத்தவற்றிற்குச் சாவைத் தண்டனையாகத் தராதபடி சாலையை அமைப்பது வகுப்பவர் கடன் என்பதே அக்கொள்கை. தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம், அடிபட்டார்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைப் பொருட்செலவின்றித் தருகின்றது. தூய தமிழ்ப் பெயருடைய நற்செயல் அது. அடிபட்ட பின் காப்பதற்கு இருக்கும் இரக்கம், அடிபடாமற் காப்பதிலும் இருக்குமாயின் முழுமையுறும்.

மக்களுக்கு ஒழுங்கில்லை, கண்டபடி கடக்கின்றனர், அதனாலே சாகின்றனர் என்பாரும் உளர். ஒழுங்கு வேண்டுவதே. தலைக்கவசமின்றி ஓட்டுவதும், எதிர்த்திசையில் வருவதும், குடித்துவிட்டு ஓட்டுவதும் கண்டிக்கத்தக்கனவே. முல்லைக்கொடிக்காகத் தேரை நிறுத்திய பாரியைப் புகழும் நாவுடையோர், கடக்க நிற்கும் கிழவிக்காக ஊர்தியை நிறுத்தாதிருப்பது நாணத்தக்கதே. ஆயினும், கடக்குமிடம் அரைக் கல் தொலைவில் இருந்தால் மக்கள் அருகிலேயே கடப்பர். நடைபாதை இல்லையென்றால் சாலையிலேயே நடப்பர். ஒழுங்காக நடக்க இடந்தராமல் ஒழுங்கைக் கேட்பது, நீரின்றி நீந்தச் சொல்வதாகும்.

இத்துறையில் தமிழரே இந்தியாவிற்கு வழிகாட்டியுள்ளனர் என்பதும் அறியத்தக்கது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் கண்டு நொந்த கோவை எலும்பு மருத்துவர் எசு. இராசசேகரன், 2012-இல் உச்சமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் விளைவாக 2014-இல் சாலைக்காப்புக் குழு ஒன்று அமைந்தது. அதே வழக்கிலே 2025 மே திங்களில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையின் கூறே என்று உச்சமன்றம் தெளிவாக உரைத்தது. ஒரு தனி மருத்துவரின் முயற்சி இவ்வளவு செய்ததெனின், ஓர் ஊரே திரண்டால் எவ்வளவு செய்யலாகும்!

ஆகவே தமிழுணர்வுடையோர் செய்ய வேண்டுவன சில உள. தத்தம் ஊர்க் கூட்டுச்சாலையில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நின்று, கடப்போரை எண்ணுக. பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகின்றதென்று அளந்து, முதியவர் ஒருவர் கடக்க எத்தனை நொடி ஆகின்றதென்பதோடு ஒப்பிடுக. அவ்விடத்தில் மூன்றாண்டுகளில் நிகழ்ந்த நேர்ச்சிகளின் கணக்கை, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுப் பெறுக. பெற்றவற்றை நல்ல தமிழில் எழுதி, வார்டு உறுப்பினர் முதல் அமைச்சர் வரை அனுப்புக. விடை வாராவிடின் மீண்டும் அனுப்புக. மேம்பாலம் வேண்டுமென்று முழங்குவது எளிது. திட்டும், நொடியும், நடைபாதையும், தமிழ்ப்பலகையும் வேண்டுமென்று விடாது கேட்பதே அரிது. அதுவே பயன் தருவது.

ஒரு கூட்டுச்சாலை செப்பமுற்றதா என்பதை அளக்கும் கோல் ஒன்றே. அங்கே ஊர்திகள் எத்தனை விரைவாகச் செல்கின்றன என்பதன்று அக்கோல். பள்ளிவிட்ட சிறுமி ஒருத்தி, யார் கையையும் பற்றாமல், ஓடாமல், அஞ்சாமல் அதனைக் கடந்து வீடு சேர்கின்றாளா என்பதே அக்கோல். அந்நாள் வரும்வரை பாடியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் எத்தனை பாலம் எழுந்தாலும் வேலை முடிந்ததாகாது.